சான்று பேசும் விண்ணப்பம்

நுழையும் முன்

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காகவும் பணிக்காகவும் புறப்பட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, ஆமதாபாத் போன்ற நகரங்களில் குடியேறிய குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு மாநிலத்தில் பிறந்து, மற்றொரு மாநிலத்தில் படித்து, மூன்றாவது மாநிலத்தில் பணியாற்றும் வாய்ப்பு உண்டு. மைய அரசுப் பணிகளும் வங்கி, இரயில்வே, அஞ்சல் துறைப் பணிகளும் அவ்வாறான வாழ்வுக்கு வழி திறக்கின்றன. அப்பணிகளின் முதற்படி விண்ணப்பம். அதனைப் பிழையின்றி எழுதும் முறையையும், அதற்கான ஆயத்தம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும் காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் எழுதிய தகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. உறுப்பினராக விரும்புவோர் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவராகவும் எழுபது வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராதல் வேண்டும். தம் சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழ்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் ஆவர்.

இக்கல்வெட்டு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒன்று, பொதுப்பணிக்கான தகுதி ஊரார் அனைவரும் காணுமாறு எழுதி வைக்கப்பட்டது. மற்றொன்று, ஒருவர் தம்மைத் தகுதியுடையவர் என்று சொல்லிக்கொள்வது மட்டும் போதாது; நிலமும் மனையும் கணக்கும் அதற்குச் சான்றாக நிற்றல் வேண்டும். எனினும் அத்தகுதி நிலமுடையோர்க்கும் குறிப்பிட்ட பிறப்பினர்க்கும் மட்டுமே உரியதாக இருந்தது. நிலமற்றோர்க்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1855ஆம் ஆண்டு முதல் இந்தியக் குடிமைப் பணிக்குப் போட்டித் தேர்வு நடைபெற்றது. தேர்வுக்கூடம் இலண்டனில் இருந்ததால், கடல் கடந்து செல்லும் பொருள்வளம் உடையவர் மட்டுமே அதனை எழுத முடிந்தது. 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் அதில் வெற்றி பெற்ற முதல் இந்தியரானார். 1922 முதல் அத்தேர்வு இந்தியாவிலும் நடத்தப்பட்டது. 1926 அக்டோபர் முதல் நாளில் பொதுப்பணித் தேர்வாணையம் தோன்றியது. மாகாண அளவில் முதல் தேர்வாணையம் 1929இல் சென்னையில் அமைந்தது. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மைய ஆணையம் ‘ஒன்றியப் பொதுப்பணித் தேர்வாணையம்’ என்னும் பெயரைப் பெற்றது.

அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் குடிமக்கள் அனைவருக்கும் சமவாய்ப்பு உண்டு என்று உறுதி கூறுகிறது. சமயம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறப்பிடம், உறைவிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவரையும் விலக்குதல் கூடாது என்பது அதன் கருத்து. ‘பிறப்பிடம், உறைவிடம்’ என்னும் இரு சொற்களும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பொருள் உடையவை. மைய அரசுத் தேர்வுக்கு வதோதராவில் வாழும் தமிழ்ப் பெண்ணும் மதுரையில் வாழும் தமிழ்ப் பெண்ணும் ஒரே தகுதியோடு விண்ணப்பிக்கலாம்.

அறிவிக்கையே முதற்பாடம்

அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பல. குடிமைப் பணிகளுக்கு ஒன்றியப் பொதுப்பணித் தேர்வாணையமும், மைய அரசு அலுவலகங்களின் எழுத்தர், உதவியாளர் போன்ற பணிகளுக்குப் பணியாளர் தேர்வாணையமும், இரயில்வே பணிகளுக்கு இரயில்வே தேர்வு வாரியங்களும், பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கு வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமும் தேர்வு நடத்துகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உண்டு.

இவை ஒவ்வொன்றும் ஆள் எடுப்பதற்கு முன் அறிவிக்கை வெளியிடும். விண்ணப்பிப்போர் பலர் அறிவிக்கையை முழுதும் படியாமல், பிறர் கூறும் சுருக்கத்தை நம்பிப் படிவத்தை நிரப்புகின்றனர்; நிராகரிப்புக்கு அதுவே பெருங்காரணமாகிறது. அறிவிக்கையில் பின்வரும் ஐந்தினைத் தேடிக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

1. பணியின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும்.
2. கல்வித் தகுதி. இதில் ‘கட்டாயத் தகுதி’ வேறு. ‘விரும்பத்தக்க தகுதி’ வேறு. முன்னது இல்லாதவர் விண்ணப்பித்தல் பயனற்றது. பின்னது இல்லாதவர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.
3. வயது வரம்பும், அது எந்த நாளைக் கொண்டு கணக்கிடப்படும் என்பதும். குடிமைப் பணித் தேர்வில் பொதுப்பிரிவினர்க்கு வயது வரம்பு 21 முதல் 32 வரை; தேர்வு நடைபெறும் ஆண்டின் ஆகஸ்டு முதல் நாள் அதற்குரிய கணக்கு நாள்.
4. கட்டணம். பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குக் கட்டணம் 100 ரூபாய். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அதனைச் செலுத்த வேண்டியதில்லை.
5. இறுதி நாள். இறுதி நாளின் மாலைப்பொழுதில் இணையதளம் நெரிசலால் திணறுவது வழக்கம். ஒரு வாரத்திற்கு முன்பே விண்ணப்பத்தை முடித்தல் நன்று.

அறிவிக்கையை அந்தந்த ஆணையத்தின் சொந்த இணையதளத்திலேயே படித்தல் வேண்டும். பணி வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போர் எவராயினும் ஏமாற்றுவோரே. விண்ணப்பக் கட்டணத்திற்கு ஆணையத்தின் தளத்தில் இரசீது கிடைக்கும். இடைத்தரகர் வாங்கும் பணத்திற்கு எந்தச் சான்றும் கிடைப்பதில்லை.

பெயர் என்னும் முதல் கட்டம்

விண்ணப்பப் படிவத்தின் முதல் கட்டம் பெயர். எளியது போலத் தோன்றும் இக்கட்டத்தில்தான் வடமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடர் நேர்கிறது. தமிழர் வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தே பெயருக்கு முன் நிற்கிறது. பிற மாநிலங்களின் பள்ளிப் படிவங்களோ ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என இரு கட்டங்களைக் காட்டுகின்றன.

‘மு. செல்வி’ என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பள்ளிப் பதிவேட்டில் அப்பெயர் ‘செல்வி முருகன்’ என்று எழுதப்படுகிறது. ஆதார் அட்டையில் ‘செல்வி எம்’ என்றும், வங்கிக் கணக்கில் ‘எம். செல்வி’ என்றும், சமூகச் சான்றிதழில் ‘செல்வி’ என்று மட்டும் காணப்படுகிறது. வீட்டில் இருப்பவர்க்கு நான்கும் ஒருவரையே குறிக்கும். சான்றிதழ்களை ஒப்புநோக்கும் அலுவலர்க்கோ அவை நான்கு பெயர்கள். அவர் செல்வியை அறியார். தாள்களை மட்டுமே அறிவார்.

மைய அரசுத் தேர்வுகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே பெயரை எழுதப் பணிக்கின்றன. நடுவண் கல்வி வாரியப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் மாணவர் பெயர் வாரியத்திடம் பதிவு செய்யப்படுகிறது. அப்பதிவே பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அடிப்படை. எனவே, பள்ளி அப்பதிவைச் சரிபார்க்கத் தரும் நாளில் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்ப்பது மாணவரின் கடமை. அன்று ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடிய பிழையைப் பின்னாளில் திருத்துவதற்கு உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, அலுவலகங்களுக்குப் பலமுறை நடத்தல் எனப் பொருளும் காலமும் செலவாகும்.

பிறந்த நாளுக்கும் இதுவே விதி. ஒன்றியப் பொதுப்பணித் தேர்வாணையத்தின் அறிவிக்கை, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பதிவான பிறந்த நாளையே ஏற்பதாகவும், சாதகம், உறுதிமொழிப் பத்திரம், மாநகராட்சிப் பிறப்புப் பதிவின் படி போன்றவற்றை ஏற்பதில்லை எனவும் தெளிவாகக் கூறுகிறது. பாட்டி பேணி வைத்த சாதகக் குறிப்பு அன்புக்குரியது. ஆயினும் விண்ணப்பத்திற்கு உதவாது.

சொந்த மாநிலமும் சமூகச் சான்றும்

இட ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள் சமூகச் சான்றிதழ் இணைத்தல் வேண்டும். மைய அரசின் நேரடிப் பணி நியமனங்களில் அனைத்திந்திய அளவிலான போட்டித் தேர்வுகளுக்குப் பட்டியல் இனத்தவர்க்கு 15 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும், இதர பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கு 10 விழுக்காடும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

இங்கும் புலம்பெயர்ந்த குடும்பங்கள் இரண்டு வேறுபாடுகளை அறிதல் வேண்டும். முதலாவது, மாநிலப் பட்டியலும் மையப் பட்டியலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் ‘பிற்படுத்தப்பட்டோர்’, ‘மிகப் பிற்படுத்தப்பட்டோர்’ என வழங்கும் பிரிவுகள் மைய அரசின் படிவத்தில் இல்லை. மைய அரசு ‘இதர பிற்படுத்தப்பட்டோர்’ என்னும் ஒரே பிரிவைக் கொண்டுள்ளது. அதற்கெனத் தனிப் படிவத்தில் சான்றிதழ் பெறுதல் வேண்டும். விண்ணப்பிப்பவர் ‘கிரீமி லேயர்’ எனப்படும் வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்பதும் அதில் இடம்பெறுதல் வேண்டும். மாநிலப் படிவத்தை இணைத்து மைய அரசுப் பணிக்கு விண்ணப்பித்தவர், தேர்வில் வென்ற பின்னரும் ஒதுக்கீட்டை இழக்க நேரிடும்.

இரண்டாவது, குடியேறிய மாநிலம் சொந்த மாநிலம் ஆகிவிடுவதில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியல் இனத்தவராக அறிவிக்கப்பட்டவர், வேறொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்த காரணத்தால் அம்மாநில அரசுப் பணியில் அதே ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மைய அரசுப் பணிகளில் அவ்வொதுக்கீடு நாடு முழுவதற்கும் பொருந்தும். ஆகவே தந்தையின் சொந்த ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றைக் காட்டும் பழைய சான்றிதழ் மிக இன்றியமையாதது. மும்பையில் பிறந்த பிள்ளைக்குத் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ தந்தை பெற்ற தாள் வழிகாட்டுகிறது. அத்தாளைப் பேணாத குடும்பம், தேர்வு முடிவு வந்த பின் இரயிலேறி வட்டாட்சியர் அலுவலகத்தை நாடி ஓட வேண்டியதாகிறது.

தன்விவரக் குறிப்பு

மைய அரசில் அரசிதழ்ப் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்காணல் இல்லை. அவற்றுக்குப் படிவமும் எழுத்துத் தேர்வும் திறன் தேர்வும் போதும். உயர்நிலைப் பணிகளுக்கும், ஆராய்ச்சி நிறுவனப் பணிகளுக்கும், ஒப்பந்தப் பணிகளுக்கும் ரெஸ்யூமே, பயோடேட்டா எனப் பேச்சில் வழங்கும் தன்விவரக் குறிப்பு கேட்கப்படுவது உண்டு.

தனியார் நிறுவனத்திற்கு எழுதும் குறிப்பு கவர்ச்சியை நாடலாம். அரசுக்கு எழுதும் குறிப்பை அறிவிக்கையின் தகுதிப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பர். ஆதலின் அறிவிக்கை எந்த வரிசையில் தகுதியைக் கேட்கிறதோ அந்த வரிசையிலேயே விடை அமைதல் சிறப்பு. அதன் பொதுவான அமைப்பு வருமாறு:

- விளம்பர எண், பணியின் பெயர்
- பெயர் (பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறு), பிறந்த நாள், முகவரி
- கல்வி: தேர்வு, வாரியம் அல்லது பல்கலைக்கழகம், ஆண்டு, மதிப்பெண் விழுக்காடு
- பணி அனுபவம்: நிறுவனம், பதவி, தொடங்கிய நாள், முடிந்த நாள், செய்த வேலை
- திறன்களும் பயிற்சிகளும்
- மொழிகள்: படிக்க, எழுத, பேச
- இணைத்த சான்றுகளின் பட்டியல்
- உறுதிமொழி, இடம், நாள், கையொப்பம்

வலிமையான குறிப்புக்கும் வலிமையற்ற குறிப்புக்கும் உள்ள வேறுபாடு பின்வரும் எடுத்துக்காட்டுகளால் விளங்கும்.

‘கணினியில் நல்ல பழக்கம் உண்டு’ என்பது வலிமையற்ற வரி. ‘ஆங்கிலத் தட்டச்சு, நிமிடத்திற்கு 35 சொற்கள்’ என்பது வலிமையான வரி. பணியாளர் தேர்வாணையம் இளநிலை எழுத்தர் பணிக்குக் கேட்கும் ஆங்கிலத் தட்டச்சு வேகம் அதுவே.

‘சமூகத் தொண்டில் ஆர்வம் மிக்கவர்’ என்னும் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டு ஆண்டுகள், 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம்’ என்னும் வரியை அப்பணியைச் செய்தவர் மட்டுமே எழுத முடியும்.

‘விளையாட்டில் சிறந்தவர்’ என்பதனினும் ‘கபடி, மாநில அளவிலான பள்ளிப் போட்டி, 2023, சான்றிதழ் இணைப்பு எண் 6’ என்பது மேலானது.

இவற்றால் ஓர் உண்மை புலப்படும். பண்பைப் புகழும் அடைமொழி குறிப்பை வலிமையாக்குவதில்லை. எண்ணும் ஆண்டும் சான்றும் வலிமையாக்குகின்றன. எந்த வரிக்குப் பின்னால் ஒரு தாள் நிற்கிறதோ அந்த வரியே நிலைக்கும். இரயில்வேயில் சாரணர்க்கும் விளையாட்டு வீரர்க்கும் தனி ஒதுக்கீடு உண்டு. தேசிய மாணவர் படையின் ‘சி’ சான்றிதழ் பெற்றோர்க்குப் படைத்துறையில் தனிவழி உண்டு. பள்ளியில் பெற்ற சாரணர் விருதுத் தாளைக் கிழிந்த புத்தகத்தோடு பழைய தாள்காரரிடம் போட்டுவிட்டவர், பின்னர் அதனை எண்ணி வருந்துவார்.

குடிமைப் பணித் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண். நேர்காணலுக்கு 275 மதிப்பெண். விண்ணப்பதாரர் தம் விரிவான விண்ணப்பத்தில் எழுதிய சொந்த ஊர், படித்த பாடம், பொழுதுபோக்கு ஆகியவற்றிலிருந்தே நேர்காணலில் வினாக்கள் பல எழுகின்றன. ‘கோலமிடுதல்’ என்று எழுதியவர் புள்ளிக் கோலத்திற்கும் சிக்குக் கோலத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். அழகுக்காக எழுதிய பொழுதுபோக்கு அவையில் அகப்படுத்திவிடும்.

மூன்று சிறு கட்டங்கள்

விண்ணப்பத்தில் மொழிகளுக்கு எதிரே ‘படிக்க’, ‘எழுத’, ‘பேச’ என்னும் மூன்று கட்டங்கள் இருக்கும். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் பலர், தாய்மொழிக்கு எதிரே ‘பேச’ என்னும் ஒன்றை மட்டுமே உண்மையாகக் குறிக்க முடிகிறது. வீட்டில் அம்மாவிடம் பேசிய தமிழ், அலுவலகத்தில் ஒரு மனுவைப் படிக்க உதவாமற் போகிறது.

மற்ற இரு கட்டங்களும் நிறைந்தால் வழிகள் பெருகும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண் கொண்ட இந்திய மொழித் தாள் உண்டு. அதில் 25 விழுக்காடு பெறாதவரின் பிற தாள்கள் கணக்கில் கொள்ளப்படா. அத்தாளுக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். முதன்மைத் தேர்வின் பிற விடைகளையும் தமிழில் எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் கொள்ளலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறுதல் கட்டாயம்.

தமிழ்நாட்டு அஞ்சல் வட்டத்தில் கிராம அஞ்சல் ஊழியர் பணிக்குப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் பயின்றிருத்தல் வேண்டும். அப்பணிக்குத் தேர்வு இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. பாரத ஸ்டேட் வங்கியின் எழுத்தர் நிலைப் பணியில் அந்தந்த மாநில மொழியறிவு சோதிக்கப்படுகிறது. பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அம்மொழியைப் பாடமாகக் காட்டுவோர்க்கு அச்சோதனை இல்லை. வாரத்தில் சில மணி நேரம் கற்கும் மொழிப்பாடமும் ஒருநாள் சான்றாக எழுந்து நிற்கும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

உண்மையே உறுதிமொழி

எல்லா விண்ணப்பங்களின் இறுதியிலும் ‘மேலே கூறிய யாவும் உண்மை’ என்னும் உறுதிமொழி அமைந்திருக்கும். முன்பெல்லாம் சான்றிதழ் நகல்களில் அரசு அலுவலர் ஒருவரின் சான்றொப்பம் பெறுதல் வேண்டும். இன்று பெரும்பாலான இடங்களில் விண்ணப்பதாரரின் சொந்தக் கையொப்பமே போதும். அரசு குடிமகன் மேல் வைத்த நம்பிக்கை இது. பொய்ச் சான்று தந்தவரும், கேட்ட விவரத்தை மறைத்தவரும் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் நீக்கப்படலாம். தகுதியில் ஒரு குறை உடையவர் அடுத்த ஆண்டு அதனை நிரப்பி மீண்டும் எழுதலாம். பொய் எழுதியவருக்கோ அந்த அடுத்த ஆண்டு இல்லாமற் போகலாம்.

அன்று உத்திரமேரூரில் நிலமும் மனையும் சான்றாயின. இன்று படிப்பும் உழைப்பும் சான்றாகின்றன. நிலத்தைப் போல அவை பிறப்பால் வருவன அல்ல. ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் தாமே தேடிச் சேர்ப்பன. ஒன்பதாம் வகுப்பில் பெயரைச் சரிபார்த்து எழுதும் மாணவர், தம் முதல் விண்ணப்பத்தின் முதல் வரியை அன்றே எழுதிவிடுகிறார்.

சொல்லும் பொருளும்

அறிவிக்கை – முறையான பொது அறிவிப்பு
வாரியம் – குறிப்பிட்ட பணிக்கான குழு
வேலி – பழைய நில அளவை
அரசிதழ் – அரசு வெளியிடும் அறிவிப்பு இதழ்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
சான்றொப்பம் – நகல் உண்மையானது என இடும் கையொப்பம்
அடைமொழி – ஒன்றைச் சிறப்பிக்கும் சொல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மாகாண அளவிலான முதல் தேர்வாணையம் ______ ஆம் ஆண்டு சென்னையில் அமைந்தது.
2. அரசுப் பணிகளில் சமவாய்ப்பை உறுதி செய்யும் அரசமைப்புச் சட்டப் பிரிவு ______.
3. குடிமைப் பணித் தேர்வின் நேர்காணலுக்குரிய மதிப்பெண் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘கட்டாயத் தகுதி’, ‘விரும்பத்தக்க தகுதி’ – வேறுபாடு யாது?
2. பிறந்த நாளுக்குச் சான்றாகச் சாதகம் ஏற்கப்படுமா?
3. தந்தையின் பழைய சமூகச் சான்றிதழைப் பேணுவது ஏன் இன்றியமையாதது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. உத்திரமேரூர்க் கல்வெட்டின் தகுதி முறையையும் இன்றைய அரசுப் பணித் தகுதி முறையையும் ஒப்பிடுக.
2. ‘எந்த வரிக்குப் பின்னால் ஒரு தாள் நிற்கிறதோ அந்த வரியே நிலைக்கும்’ – விளக்குக.

ஈ. பின்வரும் வலிமையற்ற தொடர்களை ஆண்டு, எண், சான்று ஆகியவை தோன்றுமாறு வலிமையாக மாற்றி எழுதுக.
1. நான் பல போட்டிகளில் பரிசு பெற்றுள்ளேன்.
2. எனக்குப் பல மொழிகள் தெரியும்.
3. நூலகத்தில் உதவி செய்த அனுபவம் உண்டு.

உ. செயல்பாடு
பெற்றோர் துணையுடன் உமது பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றை அருகருகே வைத்துப் பெயரும் முதலெழுத்தும் பிறந்த நாளும் ஒன்றுபோல உள்ளனவா எனப் பார்க்க. வேறுபாடு இருப்பின் அதனைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கலந்து பேசுக. பின்னர், உமது மொழிகளைப் பட்டியலிட்டு ‘படிக்க’, ‘எழுத’, ‘பேச’ ஆகிய கட்டங்களை உண்மையாகக் குறித்து, நாளிட்டுக் கையொப்பமிடுக. ஆண்டிறுதியில் அத்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்துப் புதிதாக நிறைந்த கட்டங்களைக் குறிக்க.